பிரிகேடியர் சேஷன் பிடிபட்ட கதை

என் அக்கா புருஷன், அதாவது அத்திம்பேர், சேஷன் எதிரி நாட்டு ராணுவத்தில் பிரிகேடியர். வருஷத்துக்கு நாலைந்து தடவை இந்திய ராணுவம் அவரைச் சிறைபிடிக்கும். காலையில் பிடிபட்டு, சாயங்காலம் டீயும் சமோசாவும் சாப்பிட்டுவிட்டு, மெட்ரோ பிடித்து மயூர் விஹார் வந்து சேர்ந்துவிடுவார். அவருடைய ஆர்டர்லி, அதாவது எடுபிடிச் சிப்பாய் என்ற முறையில் நானும் கூடவே பிடிபட்டு, கூடவே திரும்பி வருவேன்.

பயப்பட ஒன்றுமில்லை. தில்லி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று இளம் ராணுவ அதிகாரிகளுக்கு அங்கே பாடம் எடுக்கிறார்கள். பாடம் முடிந்ததும் ஒருநாள் ஒத்திகை. ஒத்திகைக்குக் கைதிகள் வேண்டும். நம் சிப்பாய்களையே கைதிகளாக உட்கார வைத்துப் பார்த்தார்களாம். கேப்டன் உள்ளே வந்ததும் கைதிகள் எல்லோரும் துள்ளி எழுந்து சல்யூட் அடித்துவிட்டார்கள். அதனால் வெளியாட்களைத் தேட ஆரம்பித்தார்கள். சபா நாடகங்களில் நடிக்கிற தமிழ்க்காரர் ஒருவர் இருக்கிறார், வயதும் தொப்பையும் ஒரு பிரிகேடியருக்கு ஏற்றபடி இருக்கின்றன என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சனி அப்படித்தான் என் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. ஏனென்றால் பிடிபட்ட அதிகாரிக்கு அவர் படையைச் சேர்ந்த ஆர்டர்லி ஒருவனைக் கூட வைத்துக்கொள்ளும் உரிமை உண்டாம். அந்த உரிமை நான்தான்.

சபாவில் அத்திம்பேருக்குப் பெரிய வேஷம் கொடுத்ததே இல்லை. முதல் காட்சியில் மாரடைப்பில் போய்ச் சேருகிற அப்பா வேஷம்தான் எப்போதும். ஒருமுறை அவர் செத்து முடிப்பதற்குள் முன்வரிசைக்காரர்கள் எழுந்து போய் போண்டா சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அவர் இன்னும் மார்பைப் பிடித்துக்கொண்டு, பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் காலை முதல் சாயங்காலம் வரை ஒரே வேஷம், அதுவும் பிரிகேடியர் வேஷம் கிடைத்தால் சும்மா இருப்பாரா? மீசை வளர்த்தார். ரெட்லாண்ட் என்ற அந்தக் கற்பனை நாட்டுக்குத் தேசிய கீதம் இல்லையே என்று வருத்தப்பட்டுத் தானே ஒன்று இட்டுக்கட்டினார். கல்யாணி ராகம். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் அவரை ஆட்கொண்டது வேஷம் மட்டுமல்ல. முதல் ஒத்திகைக்கு முன்னால் பயிற்சி நிலையத்துக் கர்னல் நிகழ்த்திய சொற்பொழிவை நாங்களும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். கர்னல் ஒல்லியான, சிரிக்காத மனிதர். அவர் சொன்னது இதுதான்: "கைதி உங்கள் கைதி அல்ல, உங்கள் பட்டாலியனின் கைதியும் அல்ல. அவன் தேசத்தின் பொறுப்பு. நீங்கள் அடித்தால் உங்களுக்குத் தனியாகத் தண்டனை உண்டு. ஆனால் உங்களைக் கைகாட்டிவிட்டுத் தேசம் கழன்றுகொள்ள முடியாது. அவன் முன்னால் நிற்கிற நேரத்தில் தேசம் என்பது நீங்கள்தான்."

எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அத்திம்பேர் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் இருக்கிறது. அவர் மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். மோதி பாக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலம் முழுவதும் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். வருகிற ஃபைலைப் பார்ப்பது, 'இது இந்தப் பிரிவைச் சேர்ந்ததல்ல' என்று எழுதுவது, வேறு பிரிவுக்கு அனுப்புவது. இதில் அவர் மன்னன். எந்த ஃபைலும் அவர் மேஜையில் இரண்டாவது டீயைப் பார்த்ததில்லை என்று விடைபெறும் விழாவில் புகழ்ந்தார்கள்.

அன்று மெட்ரோவில் வரும்போது என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வெங்கி, தள்ளவே முடியாத ஃபைல் ஒண்ணு இருக்குடா! மேலயும் அனுப்ப முடியாது, பக்கத்து மினிஸ்ட்ரிக்கும் மாத்த முடியாது. நம்ம டேபிள்லயேதான் கெடக்கும். என்ன பயங்கரமான சட்டம்டா இது!"

"அந்த ஃபைலே நீங்கதான் அத்திம்பேர்" என்றேன்.

அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வது! அவருடைய பிள்ளை ப்ரணவ் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிறுதோறும் போன் செய்து "அப்பா, எப்டி இருக்கேள்?" என்று கேட்பான். பதில் வருவதற்குள் "அச்சா, அம்மாகிட்ட குடுங்கோ" என்பான். இங்கேயோ ராணுவச் சீருடை போட்ட கேப்டன் எதிரில் நின்று, சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது, குறை ஏதாவது உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் மார்க் போய்விடும். ரிட்டயரான மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வேடிக்கையாகச் சொல்கிறேன், ஆனால் அவருக்காக எனக்கு மனசு கனத்தது உண்மை.

வீட்டில்தான் தொல்லை ஆரம்பித்தது. ஒருநாள் என் அக்கா காமாக்ஷி, மதர் டெய்ரிக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னாள். அத்திம்பேர் சோபாவை விட்டு அசையவில்லை.

"ஆபீசர் கைதியை வேலை வாங்கப்படாது. ஜெனீவா ஒப்பந்தத்துலயே இருக்கு."

"ஜெனீவால யார் பால் வாங்கிண்டு வராளோ அவாளே இங்கயும் வாங்கிண்டு வரட்டும். அதுவரைக்கும் காபி கெடையாது" என்று அக்கா உள்ளே போய்விட்டாள். பிரிகேடியர் செருப்பைத் தேடினார்.

பயிற்சி நிலையத்திலும் அவர் பேர் கெட ஆரம்பித்தது. கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, ராணுவ எண் ஆகியவற்றை மட்டும்தான் சொல்ல வேண்டும். ரெட்லாண்டின் வெடிமருந்துக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஒருமுறை விசாரிக்க வந்த கேப்டன் தஞ்சாவூர்ப் பையன். அவன் காபி கொண்டுவந்து வைத்து, "அங்கிள், நீங்க எந்த ஊரு?" என்று மட்டும்தான் கேட்டான். கும்பகோணத்தில் ஆரம்பித்தவர், அந்தப் பையனுடைய பெரியப்பா தன்னோடு படித்தவர் என்பதைக் கண்டுபிடித்து, அந்த மகிழ்ச்சியில் கிடங்கு ஆற்றுப் பாலத்துக்குத் தெற்கே இருப்பதையும் சொல்லிவிட்டார். போர் அத்துடன் முடிந்தது. அன்றிலிருந்து ஒத்திகையில் அதிகாரிகள் யாரும் கைதிகளிடம் தமிழ் பேசக் கூடாது என்று கர்னல் உத்தரவு போட்டார்.

அடுத்தது நர்மதா விவகாரம். ஒத்திகையில் யாருக்காவது நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் 'நர்மதா' என்று கத்த வேண்டும். எல்லாம் அப்படியே நின்றுவிடும், மருத்துவக் குழுவினர் ஓடி வருவார்கள். அத்திம்பேர் ஒரு குளிர்காலத்தில் நர்மதா என்று கத்தினார். ஆம்புலன்ஸ் வந்தது. கர்னல் ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டால், நாற்காலி குத்துகிறது என்றார்.

கர்னல் குரலை உயர்த்தாமல் பேசினார். "சேஷன்ஜி, வேஷத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் நடியுங்கள், விழுங்கள், புரளுங்கள். அது உங்கள் வேலை. ஆனால் இன்னொரு தடவை இந்த வார்த்தையைப் பொய்யாகச் சொன்னால் அதுதான் கடைசி."

அத்திம்பேர் ஆடிப்போய்விட்டார். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சர்க்கரை வியாதி உள்ளவர்களைக் கைதியாக எடுப்பதில்லை என்பது அந்த நிலையத்தின் விதி. அத்திம்பேருக்குச் சில வருஷங்களாகச் சர்க்கரை உண்டு. சேரும்போது அதைச் சொல்லவில்லை. ஆகப் பொய்யாகக் கத்தினாலும் வேஷம் போய்விடும், நிஜமாகக் கத்தினாலும் போய்விடும். அந்த வேஷம் போனால் அவருக்கு மிச்சம் மதர் டெய்ரிதான்.

நவம்பர் மாதம். புகைமூட்டத்தில் தில்லியே இருமிக்கொண்டிருந்தது. அன்றைய ஒத்திகைக்குக் கிளம்பும்போது அக்கா அவர் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் வைத்தாள். மலை மந்திரில் கொடுத்த பிரசாதக் காகிதத்தில் மடித்த கற்கண்டு.

"தலை சுத்தித்துன்னா ரெண்டு எடுத்து வாயில போட்டுக்கோங்கோ. ஆமா, ஏன் தோசையைத் தொடவே இல்லை?"

"தோத்துப்போன படையோட தளபதி காமு நான். வயிறு ஒட்டியிருக்க வேண்டாமா?"

மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு தோசையை விட்டுவிட்டு வந்தார். அந்த வயிறு ஒட்டுவதற்கு ஒரு தோசையை விட்டால் போதுமா என்று நான் கேட்டேன். கலை எனக்குப் புரியாது என்றார்.

அன்று எங்களைப் பிடித்த அதிகாரி கேப்டன் கனிமொழி. குடியாத்தத்துப் பெண். சின்ன உருவம், பெரிய தொப்பி. கைதிகளைப் பாதுகாப்பாக லாரியில் ஏற்றிச் சாப்பாட்டு நேரத்துக்குள் போர்முனைக்குப் பின்னால் இருக்கிற முகாமில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. தாமதமானால் தோல்வி. அவளுக்கு உதவியாகக் கேப்டன் கௌஷிக் என்ற மீசைக்காரன். அவன் அவளிடம் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. "அந்தக் குண்டு பிரிகேடியர் வழியில் மயங்கி விழுவார். போன பேட்சில் இரண்டு தடவை விழுந்தாராம். கண்டுகொள்ளாதே, நேரம் போய்விடும்."

முதலில் சோதனை. ரோத்தக் பக்கத்து ஜவான் ஒருவன் எங்கள் பைகளைத் துழாவினான். அத்திம்பேர் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, "பாபாஜி, யே க்யா ஹை?" என்று, இது என்ன என்று கேட்டான்.

கைதியின் சொந்தப் பொருளை, ஆயுதமாக இல்லாதவரை, அவனிடமே விட்டுவிட வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி, இது என் மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையன் திருப்பிக் கொடுத்திருப்பான். சொன்னால் வேஷம் போய்விடுமே! அதனால் அத்திம்பேர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பிரசாத்!" என்றார்.

அவ்வளவுதான். பையன் பூட்ஸைக் கழற்றினான். பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இரண்டு கல்லை வாயில் போட்டுக்கொண்டு, மற்ற காவலர்களைக் கூப்பிட்டான். பிரசாதத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? லாரி டிரைவர் வரை வந்து கையை நீட்டினான். எனக்கும் ஒரு கல் கிடைத்தது. கடைசியில் வெறும் காகிதத்தைப் பக்தியோடு மடித்து அத்திம்பேர் கையில் கொடுத்தான். சொந்தப் பொருள் ஆயிற்றே.

லாரி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அத்திம்பேருக்கு வேர்க்க ஆரம்பித்தது. நான் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறேன், இவருக்கு நெற்றியிலிருந்து வழிகிறது. கை ஆடியது. எதிரே துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த ஜவானைப் பார்த்து, "இது இந்தப் பிரிவைச் சேர்ந்ததல்ல. பக்கத்து செக்‌ஷனுக்கு அனுப்பு" என்று குழறினார்.

புது வசனம் சேர்த்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். எரிச்சலாக வந்தது. "அத்திம்பேர், ரொம்ப ஓவரா போறது. பேசாம இருங்கோ" என்று முழங்கையால் இடித்தேன். அவர் அப்படியே என்மேல் சாய்ந்தார்.

கனிமொழி முன்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். லாரியை நிறுத்தச் சொல்லிப் பின்பக்கம் ஏறி வந்தாள். கௌஷிக் கீழே நின்றுகொண்டு சிரித்தான். "நான் சொல்லவில்லை? நடிப்பு. ஜல்தி கிளம்பு, கர்னல் பின்னால் ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார்."

அவள் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு உத்தரவை மீறித் தமிழில் கேட்டாள்.

"ஐயா, என்னா பண்ணுது உங்களுக்கு?"

இத்தனை வருஷம் தலைவலி, நெஞ்சுவலி, முதுகுவலி என்று தில்லியையே நம்பவைக்கப் பாடுபட்ட மனுஷன், அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தலையை ஆட்டினார்.

"ஒண்ணுமில்லைம்மா. நான் நன்னா இருக்கேன்."

அவள் எழுந்து நின்று, "நர்மதா!" என்று கத்தினாள்.

கைதிகள்தான் அந்த வார்த்தையைச் சொல்வார்கள். சிறைபிடித்த அதிகாரி சொன்னதாகச் சரித்திரமே இல்லை. எல்லாம் நின்றது. மருத்துவ ஜவான் ஓடி வந்து, சர்க்கரை உண்டா என்று கேட்டான். அத்திம்பேர் இல்லை என்று கையை ஆட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று அவன் குளுக்கோஸ் கரைத்து வாயில் புகட்டினான். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்ததில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாயில் இன்னும் கற்கண்டின் இனிப்பு இருந்தது. ஆனால் சொன்னால் அவர் வேஷம் போய்விடுமே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

கர்னலின் ஜீப் வந்து சேருவதற்குள் அத்திம்பேர் எழுந்து உட்கார்ந்து, காவலர்களின் டீயில் பிஸ்கட் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் களை திரும்பிவிட்டது. கர்னல் அந்தப் பிஸ்கட்டைப் பார்த்தார். பிறகு கனிமொழியைப் பார்த்தார்.

"ஒரு கிழவரின் நாடகத்தை நம்பி, ஒத்திகையையே நிறுத்திவிட்டாயா, கேப்டன்? இந்த மார்க்கோடு நீ எப்படித் தேறுவாய்?"

அவள் விறைப்பாக நின்றாள்.

"சேஷன்ஜி, நடிப்புதானே?" என்றார் கர்னல்.

ஆமாம் என்று சொன்னால் போதும். வேஷத்துக்குள் விழுந்து புரளலாம் என்று கர்னலே சொல்லியிருக்கிறார். நர்மதா என்று கத்தியதும் இவர் இல்லை. வேஷம் பிழைத்துவிடும், கனிமொழி தோற்றுவிடுவாள். பக்கத்துப் பிரிவுக்கு ஃபைலை ஒரே தள்ளாகத் தள்ளிவிடலாம். அத்திம்பேரைத் தெரிந்தவன் என்ற முறையில், தள்ளிவிடுவார் என்றே நினைத்தேன்.

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். பிரிகேடியர் மாதிரி இல்லை, அதிகாரி முன்னால் நிற்கிற கிளார்க் மாதிரி.

"நடிப்பு இல்லை சார். எனக்கு டயபடீஸ். சேரும்போதே மறைச்சுட்டேன். காலையில சாப்பிடவும் இல்லை. இந்தத் தப்பு என் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பொண்ணு சரியாத்தான் பண்ணினா."

இதை அவர் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். சத்தியமாக அது நடிப்பில்லை.

கர்னல் கனிமொழி பக்கம் திரும்பினார். "இவர் மறைத்ததை நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"கண்டுபிடிக்கவில்லை சார். நானும் நடிப்பு என்றுதான் நினைத்தேன்."

"பிறகு ஏன் நிறுத்தினாய்?"

"நடிக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது சார். என் லாரியில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்."

கர்னல் சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றும் சிரிக்கவில்லை. ஆனால் கௌஷிக்கைப் பார்த்த பார்வையில் அவனுடைய மீசை சற்றுத் தொங்கியது. அவள் தேறிவிட்டாள். ரோத்தக் ஜவான் அத்திம்பேர் காலைத் தொட்டு அழுதான். பிரசாதம் என்று சொன்னதால் சாப்பிட்டேன் பாபாஜி என்றான். அத்திம்பேர் அவனைத் தட்டிக்கொடுத்தார். பிரிகேடியர் சேஷனை அன்றே விடுதலை செய்துவிட்டார்கள். திரும்பவும் பிடிபட முடியாதபடி நிரந்தர விடுதலை.

மெட்ரோவில் அத்திம்பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். யமுனைப் பாலம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"வெங்கி, அவளும் நடிப்புன்னுதான் நெனச்சிருக்கா. அப்போ எவ்ளோ தத்ரூபமா இருந்திருக்கும்!"

"நிஜமா மயக்கம் வந்தா தத்ரூபமா இல்லாம எப்படி இருக்கும்?" என்றேன் கடுப்பாக.

"அது இல்லைடா." அவர் கண் கலங்கியிருந்தது. "பொய்யின்னு நெனச்சும் நின்னாளே."

இப்போது அந்தப் பயிற்சி நிலையத்தில் ஒவ்வொரு பேட்சுக்கும் இந்தச் சோதனையை வைக்கிறார்கள். கிழட்டுக் கைதி ஒருவன் லாரியில் மயங்கி விழுவான். அவன் எப்போதும் நடிப்பவன் என்று முன்கூட்டியே காதில் ஓதிவைத்திருப்பார்கள். அதிகாரி லாரியை நிறுத்துகிறாரா என்று பார்ப்பார்கள். மயங்கி விழுகிற வேஷம் எனக்குத்தான். நிறுத்துகிறவர்களும் உண்டு, என்னைத் தாண்டிக் கடிகாரத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. தாண்டிப் பார்க்கும்போது, நடிப்புதான் என்று எனக்கே தெரிந்தும், உள்ளே ஏதோ செய்கிறது.

அத்திம்பேருக்கு என் மயக்கம் பிடிக்கவில்லை. கறிகாய்ப் பை விழுகிற மாதிரி விழுகிறேனாம். போன வாரம் ஒத்திகை பார்க்க என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். "முதல்ல வேர்க்கணும். அப்புறம் கை. அப்புறம்தான் கண்ணு. இப்போ பாரு" என்று சொல்லிவிட்டு, மூச்சிரைத்து, தள்ளாடி, ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே மல்லாந்து விழுந்தார். பிரமாதமாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். நாற்பது வருஷமாக அவர் எப்போது மார்பைப் பிடித்தாலும், "நடிக்காதீங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறவள் அவள். அன்று அவள் கையில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது. விழுந்த சத்தத்துக்கும் அவள் வந்ததற்கும் நடுவில் அதை எப்போது கரைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அத்திம்பேர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "நடிப்புதான் காமு" என்றார்.

"தெரியும். ஒரு வாய் குடிச்சுட்டு நடிங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.